நாமளே போட்ட தரை

"ஆளு எதுக்கு? நாமளே பண்ணிரலாம்" என்று சொல்கிற மனிதரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சாதிக்க வேண்டாம். தெருவுக்கு ஒருவர் நிச்சயம் உண்டு; ஒரே தெருவில் இருவர் அமைந்துவிட்டால் அந்தத் தெருவில் ஒழுகாத குழாயே இருக்காது. எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர், கொத்தனார் எல்லோரும் இவர் கண்ணுக்கு ஊரை ஏமாற்றிப் பிழைக்கிறவர்கள். அவர்கள் பத்து வருஷம் அடிபட்டுக் கற்றுக்கொண்ட வேலையை இவர் பத்து நிமிஷ வீடியோவில் கற்றுக்கொள்வார். அதிலும் நடுவில் போரடிக்கிற இடத்தை ஓட்டிவிட்டுத்தான் பார்ப்பார்.

ஆளைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்தே இந்த இனத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஃபேன் சுற்றும், ஆனால் நாலாம் நம்பரில் வைத்தால்தான் சுற்றும். கதவு சாத்தும், ஆனால் லேசாகத் தூக்கி, இடுப்பால் ஒரு இடி கொடுத்துச் சாத்த வேண்டும். வாசல் பெல்லை அமுக்கினால் குளியலறை விளக்கு ஒருமுறை கண்ணடிக்கும். வாஷிங் மெஷினைப் பிரித்துப் பூட்டினால் ஐந்து திருகாணி மிஞ்சும். "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா போட்டு வெச்சிக்கீறான்" என்று விளக்கம் வரும். மிஞ்சியதையெல்லாம் ஓர் ஊறுகாய் பாட்டிலில் சேர்த்து வைப்பார். பாட்டில் நிறைய நிறைய, வீட்டில் ஒவ்வொரு சாமானாக ஆடத் தொடங்கும்.

அந்த 'நாமளே'யிலும் ஏமாந்துவிடாதீர்கள். யோசனை மட்டும்தான் இவருடையது. ஏணியைப் பிடிப்பது, டார்ச் அடிப்பது, "அந்த ஸ்பேனர் இல்ல, இன்னொண்ணு" என்று திட்டு வாங்குவது, சிந்தியதைத் துடைப்பது, மறுநாள் பக்கத்து வீட்டில் போய் மன்னிப்புக் கேட்பது எல்லாம் கட்டிக்கொண்டவள் பாடு.

மண்ணூரில் அப்படிக் கட்டிக்கொண்டவள் கிளாரா. கட்டிக்கொண்டது ஜெபக்குமாரை.

ஜெபக்குமார் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அங்கே அவர் எமன். முடி கனத்தில் ஒரு கீறல் இருந்தாலும் பாகத்தைத் தூக்கிச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவார். லைனில் எவனாவது "சார், இத அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே" என்று வாயைத் திறந்தால் அரைமணி நேரம் நிற்க வைத்துப் பாடம் எடுப்பார். அதே மனிதர் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி மண்ணூர் மண்ணை மிதித்ததும் என்ன ஆகுமோ தெரியாது, உலகத்தில் அட்ஜஸ்ட் பண்ண முடியாதது எதுவுமே இல்லை என்றாகிவிடும். வீட்டுக் குழாய் ஒழுகினால் அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, "வேஸ்ட் ஆவாது பாரு" என்பார்.

இந்த மனிதரோடு கிளாரா பதினேழு வருஷம் குப்பை கொட்டியாயிற்று. அவள் கேட்டதெல்லாம் ஒரே ஒரு தரை.

கடன் வாங்கி வீடு கட்டி மூன்று வருஷம் ஆகிறது. சுவர் எழும்பியது, கூரை போட்டாயிற்று, தரை மட்டும் சொரசொரவென்ற சிமெண்டோடு நின்றுவிட்டது. தரை முடியட்டும், பிறகு பாஸ்டரை அழைத்துப் பிரதிஷ்டை ஜெபம் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டார்கள். கிளாரா ஸ்ரீபெரும்புதூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறாள். அவளோடு அதே லைனில் நிற்கிற ஆறு பெண்கள் வீட்டிலும் அவள் சாப்பிட்டிருக்கிறாள். வளைகாப்பு, காதுகுத்து, கிருஹப்பிரவேசம் ஒன்றும் விட்டதில்லை. அவள் வீட்டுக்கு மட்டும் இதுவரை யாரும் வந்ததில்லை. "தரை போட்டதும் கூப்புட்றேன்டி" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே நாக்கு கூசிப் போயிற்று. தன் வீட்டில் அவர்களை உட்கார வைத்து, தன் கையால் ஒரு வேளை சோறு போட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு இஞ்ச் கிடையாது.

டைல்ஸுக்கென்று அவள் போனஸை எடுத்து வைத்திருந்தாள். அய்யாத்துரை கொத்தனார் வந்து அளந்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, திங்கட்கிழமை வேலையைத் தொடங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பதினைந்து நாள் கழித்து வருகிற ஞாயிறு ஜெபம் என்று பாஸ்டரிடமும் சொல்லியாயிற்று. அந்தச் சனிக்கிழமை ஜெபக்குமார் மொபைலை நீட்டினார்.

"கிளாரா, இதப் பாரேன். பேப்பர்லயே தரை!"

மொபைலில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் பிரவுன் பேப்பரைக் கையால் கிழித்து, கசக்கி, தண்ணீர் கலந்த பசையில் முக்கி, தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார். காய்ந்ததும் மேலே நாலு கை வார்னிஷ். கடைசியில் பார்த்தால் தோல் விரித்த மாதிரி பளபளவென்று ஒரு தரை. அதன்மேல் அவர் பூட்ஸ் காலோடு நடந்து காட்டினார்.

"பேப்பர் தண்ணியில ஊறாதா?" என்று கிளாரா கேட்டாள்.

"வார்னிஷ் கீதே! இதுல இன்னா பெரிய ராக்கெட்டா வுட்றான்? கொத்தனார வரவேணாம்னு சொல்லிரு. நாமளே பண்ணிரலாம்."

அந்த வெள்ளைக்காரர் வீட்டில் தரை என்பது நடக்க மட்டும்தான். நம் வீட்டில் அப்படியா? தரையில் உட்கார்கிறோம், சாப்பிடுகிறோம், படுக்கிறோம், வெங்காயம் உரிக்கிறோம், சனிக்கிழமையானால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளுகிறோம். இதையெல்லாம் கிளாரா சொல்லிப் பார்த்தாள். "நெகட்டிவாவே பேசாத" என்று பதில் வந்தது. இந்த இனத்தின் அகராதியில் நியாயமான கேள்விக்கு அதுதான் பெயர்.

வீடியோவில் சொன்னதை அப்படியே செய்தாலாவது ஏதோ ஒன்று தேறியிருக்கும். ஆனால் சொன்னதை அப்படியே செய்கிறவர் இந்த இனத்தில் சேர்த்தியே இல்லையே! மலிவான காரியத்தையும் இன்னும் மலிவாக்கினால்தான் இவருக்குத் தூக்கம் வரும். புது பேப்பர் எதற்கு? கம்பெனிப் பக்கத்துப் பழைய சாமான் கடையில் இரும்புப் பாகங்களைச் சுற்றி வருகிற பேப்பர் கட்டுக்கட்டாகக் கிடந்தது. துருப் பிடிக்காமல் இருக்க அதில் எண்ணெய் தடவியிருப்பார்கள் என்பது லைனில் நேற்றுச் சேர்ந்த பையனுக்குக்கூடத் தெரியும். ஜெபக்குமாருக்கும் தெரியும். "எண்ணெ இருந்தா நல்லதுதானே, தண்ணி எறங்காது" என்று அதற்கும் ஒரு லாஜிக் வைத்திருந்தார். பசையில் பாதிக்கு மைதாவைக் காய்ச்சி ஊற்றினார். வார்னிஷில் தின்னரைத் தாராளமாகக் கலந்து, ஒரு டின்னை இரண்டாக்கினார்.

ஒன்பது நாள் 'நாமளே' நடந்தது. கிளாரா ஷிப்ட் முடிந்து வந்து, நின்று மரத்துப்போன காலை மடக்கி உட்கார்ந்து, பேப்பரைக் கிழித்தாள், கசக்கினாள், பசையில் முக்கினாள். அவர் நின்றுகொண்டு, "ஓவர்லாப் வுடு, ஓவர்லாப் வுடு" என்றார். முடிந்தபோது, உள்ளதைச் சொல்ல வேண்டும், பார்க்க அழகாகத்தான் இருந்தது. கிளாராவுக்கே நெஞ்சு குளிர்ந்துவிட்டது. லைனில் ஆறு பேரையும் கூப்பிட்டுவிட்டாள்.

ஒரே குறை, காயவில்லை. புதனன்று தொட்டால் விரல் ஒட்டியது. "காஞ்சிக்கினு கீது" என்றார். வெள்ளியன்று ஒரு கரப்பான்பூச்சி நடு ஹாலில் ஒட்டிக்கொண்டு, நின்றபடியே செத்திருந்தது. "பாத்தியா, பூச்சித் தொல்லையும் கெடையாது" என்றார். எண்ணெய்மேல் பூசிய வார்னிஷ் இந்த ஜென்மத்தில் காயாது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. சொல்லக்கூடிய ஆளைத்தான் வரவேண்டாம் என்று சொல்லியாயிற்றே.

ஞாயிறு காலை அவர் முகப் பவுடர் டப்பாவை எடுத்து, கேரம் போர்டுக்குத் தூவுகிற மாதிரி ஹால் முழுக்கத் தூவினார். ஒட்டல் போய்விட்டது. கிளாரா சர்ச்சிலிருந்து வாங்கி வந்திருந்த ஜமுக்காளத்தை விரிக்கப் போனாள். பிடுங்கிச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டார்.

"தரைய மூடிட்டா அப்புறம் இன்னாத்தப் பாப்பாங்க?"

ஆறு பேரும் வந்தார்கள். வார லீவில் கிடைக்கிற ஓ.டி. வேலையை விட்டுவிட்டு, இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எழிலரசி வாசலிலேயே, "இன்னாக்கா, ஓட்டலாட்டம் கீது!" என்று கூவினாள். மூன்று வருஷமாகக் காத்திருந்த சொல் அது. கிளாராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெபக்குமார் வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி ஓவர்லாப்பை விளக்கினார். பாஸ்டர் எல்லோரையும் முழங்காலில் நிற்கச் சொல்லி ஜெபத்தைத் தொடங்கினார்.

நல்ல பாஸ்டர், ஆனால் நீளமான பாஸ்டர். அஸ்திவாரத்துக்கும், நிலைக்கும், ஜன்னலுக்கும், மோட்டாருக்கும் தனித்தனியாக ஸ்தோத்திரம் சொன்னார். முழங்காலின் பாரத்திலும் சூட்டிலும் பவுடர் கரைந்து உள்ளே போயிற்று. "இந்த வீட்டில் முழங்கால்படியிடுகிற ஒருவரும் அசைக்கப்படாதிருப்பார்களாக" என்று அவர் முடிக்கவும் எல்லோரும் ஆமென் சொல்லி எழ முயன்றார்கள்.

ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது. ஒருவராலும் அசைய முடியவில்லை.

முதலில் திமிறி எழுந்தவள் எழிலரசி. பர்ரென்று ஒரு சத்தம். அவள் பட்டுப்புடவையோடு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தரையும் கூடவே எழுந்து வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளாராவின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள், ஒவ்வொரு பர்ரும் கிளாராவின் நெஞ்சில் கிழிந்தது. ஆசீர்வாதம் சொல்ல ஓரடி முன்னால் வைத்த பாஸ்டரின் காலில் ஒரு காகிதச் செருப்பு முளைத்தது. கிளாரா எழுந்திருக்கவே இல்லை. எழுந்தால் அத்தனை பேர் முகத்தையும் பார்க்க வேண்டுமே.

ஜெபக்குமார் என்ன செய்தார் என்கிறீர்கள்? விளக்கினார்.

"ஹ்யூமிடிட்டிங்க, வேற ஒண்ணுமில்ல. ட்ரையிங் டைம் கொஞ்சம் ஷார்ட்டு. எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்தது வேற, லோடு ஈவனா வரல."

சமைத்து வைத்த பிரியாணியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பக்கத்து வீட்டு சரோஜாவின் ஹாலுக்குப் போனார்கள். சரோஜா முகம் சுளிக்காமல் இடம் கொடுத்தாள், புடவைகளைத் துடைக்க மண்ணெண்ணெயும் துணியும் கொடுத்தாள். தன் வீட்டில் ஒரு வேளை சோறு போட மூன்று வருஷம் காத்திருந்த கிளாரா, அடுத்த வீட்டுத் தரையில் குனிந்து பரிமாறினாள். அந்த அவமானத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. மறக்கவும் வேண்டியதில்லை.

சாயங்காலம், உரித்த தரையைச் சுருட்டி வேலியோரம் போட்டார்கள். சரோஜா வீட்டு மாடு வந்தது. மண்ணூர் சுவரில் ஒட்டுகிற போஸ்டரையெல்லாம் பசை காய்வதற்குள் உரித்துத் தின்கிற மாடு அது. ஒருமுறை முகர்ந்தது, தலையை உதறியது, நகர்ந்துவிட்டது. அன்றைக்கு அந்த வீட்டுப் பக்கத்தில் ஒழுங்காக நடந்த ஒரே குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன் அதுதான்.

கிளாரா போனை எடுத்தாள். "அய்யாத்துரைண்ணே, நாளைக்கு வந்துருங்க. சாமானுக்கு நானே கூட வரேன்."

"இரு, இரு" என்று ஜெபக்குமார் குறுக்கே வந்தார். "டைல்ஸு ஒட்றது இன்னா பெரிய வித்தை? அதுவும் பசைதானே. நாமளே..."

கிளாரா கத்தவில்லை. லைனில் சூப்பர்வைசர் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்: "வேலை முடியற வரிக்கும் தெனம் ஓ.டி. போடுங்க. வூட்டுக்குத் தூங்க மட்டும் வாங்க. பகல்ல வந்தீங்க, வேலியோரம் கெடக்கற அந்த வார்னிஷ் மேலயே உக்கார வெச்சிருவேன்."

நாலு நாளில் தரை முடிந்தது. அடுத்த வார லீவுக்கு ஆறு பேரும் திரும்ப வந்தார்கள், சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள், கிளாரா பரிமாறினாள். எழிலரசி மூன்றாவது தடவை சோறு கேட்டபோது கிளாரா வாய்விட்டுச் சிரித்தாள். ஜெபக்குமார் ஹாலின் மூலையில் குந்திக்கொண்டு ஒரு டைல்ஸை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சவுண்டு ஹாலோவா, உள்ள காலியாட்டம் கீதே" என்று அவர் முணுமுணுத்தது கிளாராவுக்குக் கேட்டது. கரண்டியோடு நிமிர்ந்து அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் எழுந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

அவர் கதை அவ்வளவுதான். இனி உங்களுக்கு வருவோம். எண்ணெய்ப் பேப்பர் என்று படித்த இடத்தில், "மடையன், சிமெண்ட் மூட்டைப் பேப்பரை எடுத்திருக்கலாமே" என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? மைதாவைக் கலக்காமல், வார்னிஷை இளக்காமல், வெயில் காலமாகப் பார்த்து, முதலில் ஒரு சின்ன அறையில் மட்டும் போட்டுப் பார்த்தால் நிற்கும் என்றுகூடக் கணக்குப் போட்டிருப்பீர்கள். எந்த அறை என்பதும் இந்நேரம் முடிவாகியிருக்கும். அந்த யோசனை முகத்தில் தெரியாது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் அதைக் கவனித்துவிட்டு, சத்தம் போடாமல் கொத்தனார் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.