சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்

“அண்ணி, நீங்க போயி சோறு வெந்துச்சான்னு பாருங்க. இஞ்சின நான் பாத்துக்குறேன்.”

என் முகத்துக்கு நேராக இப்படி வெடுக்கென்று சொன்னவர் என் வீட்டுக்காரரின் தம்பி சந்திரசேகரன். நான் சும்மா விடுவேனா? “சோறு வெந்துச்சான்னு பாக்க ஒரு பருக்கைய எடுத்து நசுக்குவேன் தம்பி. பான பக்கத்துல நின்னு காது குடுத்துக்கிட்டு இருக்க மாட்டேன்” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. கண்ணை மூடி இஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இவர்கள் ஓர் இனம். காதாலேயே கார் பார்க்கும் இனம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இல்லை என்றால் நீங்கள் இன்னும் பானெட்டைத் திறக்கவில்லை என்று அர்த்தம்.

திறந்து பாருங்கள். அதுவரை வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தோடு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தவர், மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர், எல்லாரும் வந்த வேலையை மறந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாவு வீட்டில் பெட்டியைச் சுற்றி நிற்பதுபோல இஞ்சினைச் சுற்றி நின்றுவிடுவார்கள். யாரும் தொடமாட்டார்கள். தொட்டால் கை அழுக்காகுமே. அவர்களில் தலைவர் ஒருவர் கையைத் தூக்குவார். “ஸ்டார்ட் பண்ணு.” பண்ண வேண்டும். “இன்னும் கொஞ்சம் மிதி.” மிதிக்க வேண்டும். தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார், கண்ணை மூடுவார், வயிற்றுப் பிள்ளையைத் தடவிப் பார்க்கும் மருத்துவச்சிகூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளமாட்டாள், பிறகு ஏதோ ஒரு பாகத்தின் பேரைச் சொல்வார். சொன்னால் சொன்னதுதான்.

எங்கள் கார் சிவப்பு. இரண்டே இருக்கை. கூரையை மடக்கிவிட்டால் மழையும் நமக்கு, வெயிலும் நமக்கு. வயது முப்பதுக்கு மேல். என் வீட்டுக்காரர் திருநாவுக்கரசு அதை ஓட்டிக்கொண்டு வந்த அன்று, ஒரு மூட்டை அரிசி வைக்க இடமில்லாத வண்டி எதற்கு என்று சண்டை போட்டேன். அவர் போய் மூன்று வருஷமாகிறது. மகள் தனுஜாவுக்கு ஒரே ஆசை: கோவிலில் தாலி ஏறியதும் அப்பா காரைத் தானே ஓட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். மாப்பிள்ளைக்குக் கியர் மாற்றத் தெரியாது. பக்கத்தில் உட்காரச் சம்மதித்துவிட்டான். நல்ல பிள்ளை.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் கார் இருமத் தொடங்கியது. நின்ற இடத்தில் நடுங்கும். மிதித்தால் விக்கும். மாப்பிள்ளையின் அம்மா குணவதி கல்யாணப் பத்திரிகை பார்க்க வந்த நேரத்திலா அது இரும வேண்டும்?

“சம்பந்தி, மொத மொதல்ல வூட்டுக்கு வர்ற மருமக நடு ரோட்டுல நின்னா நல்லாவா இருக்கும்? நாங்க பெரிய வாடக காடி புக் பண்ணிடுறோம்லா.”

தனுஜா முகம் செத்துப்போயிற்று. கல்யாணத்துக்கு இருபத்தொரு நாள். அப்போதுதான் என் கொழுந்தனார் நெஞ்சைத் தட்டிக்கொண்டார். “யாரும் கவலப்படாதீங்க. சித்தப்பா இருக்கேன்லா.”

பிடித்தது சனி.

சந்திரசேகரன் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் முப்பது வருஷம் சூப்பர்வைசர். டிவிக்குள் போகிற ஏதோ பொட்டுச் சாமானைப் பெண்பிள்ளைகள் பெட்டியில் அடுக்குவார்கள். அவர்கள் அடுக்குவதை இவர் நின்று பார்ப்பார். அதனால் உலகத்தில் உள்ள மெஷின் எல்லாம் இவரிடம் பேசுமாம். முதல் வாரம் கார் இவரிடம் சொன்னது: “தண்ணி, அண்ணி. பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு.” டாங்கியைக் காலி பண்ணி வேறு பெட்ரோல் ஊற்றினோம். இருமல் போகவில்லை. இரண்டாவது வாரம் பெட்ரோல் பம்ப். மாற்றினோம். அதற்கப்புறம் பொறி கிளப்புகிற காயில். அதையும் மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்த்து, “இப்பக் கேளுங்க, சத்தம் மாறிடுச்சு” என்பார். சத்தம் மாறவில்லை. அவர் நின்ற பக்கம்தான் மாறியது. பக்கத்து வீட்டுச் சின்னையா வந்து, வால்வு என்றார். இரண்டு பேரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். அப்போது இஞ்சின் ஓடவே இல்லை.

“மெக்கானிக்கிட்ட காட்டிடலாம் தம்பி.”

“அவனுங்களா? போனா முழு இஞ்சினையும் எறக்கிடுவானுங்க அண்ணி. அவனுங்களுக்கு என்னா தெரியும்?”

இந்த இனத்துக்கு மெக்கானிக்தான் பரம எதிரி. ஏன் தெரியுமா? அவன் கழற்றிப் பார்த்துவிடுவான்.

ஐந்து நாள் மிஞ்சியபோது தனுஜா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காரை எடுத்தாள். கடல் பாலம் முழுக்க விக்கிக்கொண்டே, லாரிக்காரர்களின் வசவை வாங்கிக்கொண்டே, அக்கரையில் மாக் மண்டினில் ஹனீபா ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். கொழுந்தனார் மோட்டார்சைக்கிளில் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். கையைப் பின்னால் கட்டியிருந்தார்.

ஹனீபா காதையே கொடுக்கவில்லை. இஞ்சினை ஓடவிட்டு, கையுறை மாட்டி, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முதல் வயரைப் பிடுங்கியதும் இஞ்சின் திணறியது. திரும்ப மாட்டினார். இரண்டாவதைப் பிடுங்கினார். இஞ்சின் கண்டுகொள்ளவே இல்லை.

“அக்கா, நாலு பேரு வேல செய்யுற எடத்துல இவன் மட்டும் சும்மா நின்னு சம்பளம் வாங்குறான்.”

இஞ்சினை அணைத்து, அந்தக் குழிக்குள் டார்ச் அடித்து, குச்சியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு எடுத்தார். துணி மஞ்சளாக வந்தது.

“யாரு இதுக்குள்ள மஞ்சத் தண்ணி ஊத்துனது?”

ஊரில் எல்லாரும் ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் பூசுவார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள், அதோடு நிறுத்திக்கொள்வார்கள். எங்கள் கொழுந்தனாருக்கு அது போதவில்லை. “உசுரு உள்ளதானே இருக்கு அண்ணி” என்று பானெட்டைத் திறந்து, இஞ்சின் தலையில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அபிஷேகமே செய்தார். பிளக் உட்காருகிற குழி கிணறு மாதிரி ஆழம். உள்ளே போனது உள்ளேயே தங்கிவிட்டது. பிளக்கும் வயரும் துருப்பிடித்து நெருப்புப் பொறி வேறு வழியில் ஓடிவிட்டது.

சந்திரசேகரன் கொஞ்சமாவது கூசினார் என்கிறீர்களா?

“நான்தான் மொத நாளே சொன்னேனே அண்ணி, தண்ணின்னு.”

ஹனீபா என்னைப் பார்த்தார். நான் எண்ணெய் டின்னைப் பார்த்தேன். சொம்பை நிரப்பிக் கொடுத்தவள் நான்.

குழியைத் துடைத்து, ஒரு பிளக்கும் ஒரு வயரும் புதிதாக மாட்டினார். எனக்கு வாங்கிக் கொடுத்த தேத்தண்ணி ஆறவில்லை, வேலை முடிந்துவிட்டது. வீடு வரைக்கும் ஒரு விக்கல் இல்லை.

கல்யாணத்தன்று தனுஜா பட்டுப்புடவையோடு ஏறி உட்கார்ந்து காரை ஸ்டார்ட் செய்தாள். கொழுந்தனார் கையைத் தூக்கினார். “பொறும்மா. ஒரு சத்தம்.” டிக், டிக், டிக். எனக்கும் கேட்டது. சாப்பிட்டுக் கைகழுவாத ஆம்பளைகள்கூட ஓடிவந்து சுற்றி நின்றார்கள். குணவதி அம்மா பையிலிருந்து ஃபோனை எடுத்துவிட்டார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். தலையைச் சாய்த்தேன். கண்ணை மூடினேன்.

“உள்ளேருந்துதான் வருது தம்பி” என்றேன். “பம்பு.”

“அம்மா” என்றாள் தனுஜா. “அது என் வளையலு. ஸ்டியரிங்ல இடிக்குது.”

வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். தெருமுனை வரைக்கும் இருமல் இல்லை. அதற்கு மேல் என் காதுக்கு எட்டவில்லை. குணவதி ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டு ஃபேன் கறகறக்கும். ஸ்க்ரூடிரைவரைத் தேடுவீர்களா, இல்லை அதற்கு அடியில் நின்று கையைப் பின்னால் கட்டுவீர்களா? கட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் பேச வாருங்கள்.

போன வாரம் கொழுந்தனார், டாக்டர்மார் கழுத்தில் போட்டுக்கொள்கிற காதுக் குழாயை ஆன்லைனில் வாங்கப்போவதாகச் சொன்னார். இஞ்சின் பார்க்கவாம். இந்த வயதில் இது என்ன கூத்து என்று வாய் வலிக்கத் திட்டினேன். திட்டிவிட்டு, எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கச் சொன்னேன்.

ஒன்றின் விலை அறுபத்தெட்டு வெள்ளி.