ஐந்து வாரமாகக் கடிதம் வராத காரணம்

அவிநாசி,
14.9.1993.

இந்த வீட்டின் சகல காரியங்களுக்கும் பொறுப்பாளியும், தற்சமயம் மகளின் பேறுகாலத்துக்காக அமெரிக்கா போயிருப்பவளுமான ரங்காத்தாளுக்கு, உன் வீட்டுக்காரன் மணியன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். அங்கே நீயும், முத்தாத்தாளும், மாப்பிள்ளை கந்தவேலும், பிறந்து மூன்று மாதமான பேத்தியும் சளி, காய்ச்சல் ஏதுமின்றி இருக்க அவிநாசியப்பரை வேண்டிக்கொள்கிறேன்.

ஐந்து வாரமாக ஏன் கடிதம் இல்லை என்று நீ கோபமாக இருப்பாய். என் மேல் தப்பில்லை. போன ஆடியில் நான் கையால் எழுதின கடிதத்தை மாப்பிள்ளை உனக்குப் படித்துக் காட்டினாராம். 'கொடியில் உன் சேலை இல்லாமல் வாசல் மொட்டையாக இருக்கிறது' என்ற வரி வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டாராம், முத்தாத்தாள் சிரித்தாளாம். போன் பூத்தில் நான் நின்றபோது நீ என்ன சொன்னாய்? "ஏனுங்க, இதையெல்லாம் மாப்பிள்ளை வாயில வர வெக்கறீங்களே, எனக்குத் தலை நிமிர முடியலீங்க. உங்க கையெழுத்து எனக்கு ஆகாது. அச்செழுத்துன்னா நானே கூட்டிக் கூட்டிப் படிச்சுக்குவேன். அச்சுல போடுங்க" என்றாய். மூன்றாம் வகுப்போடு நின்றவள் பஸ் போர்டும் சுவரொட்டியும் படித்துப் படித்து அச்செழுத்தைப் பழகிக்கொண்டது எனக்குத் தெரியும். சரி, அச்சிலேயே போடுவோம் என்று நினைத்தேன். ஆனால் தமிழ் டைப்ரைட்டர் எனக்கு வராது. டைப் அடிக்கும் இன்ஸ்டிடியூட்டில் கொடுத்தால் அங்கே இருக்கும் பெண்பிள்ளைகள் எல்லாம் படித்துவிடும். மாப்பிள்ளை போவதற்கு முன் நம் வீட்டு முன்னறையில் போர்வை போர்த்தி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர்தான் ஒரே வழி என்று அதன்முன் உட்கார்ந்தேன். அன்று உட்கார்ந்தவன் இன்றுதான் எழுந்திருக்கிறேன்.

மாப்பிள்ளை நாலு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார், அதுவும் இங்கிலீஷில். பனியன் கம்பெனியில் முப்பத்திநாலு வருஷம் இங்கிலீஷ் டைப் அடித்தவன், இது என்ன பெரிய வித்தை என்று நினைத்துவிட்டேன். டைப்ரைட்டரில் கட்டையைத் தட்டினால் எழுத்து காகிதத்தில் விழும், அவ்வளவுதான். இங்கே அப்படி இல்லை. திரை கன்னங்கரேல் என்று இருக்கிறது, ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு கண் சிமிட்டுகிறது, அதற்கு நாம் உத்தரவு போட வேண்டும். கடிதத்தை ஓரிடத்தில் இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழாக அடித்து வைக்க வேண்டும். இடையிடையே பின்பக்கம் சாய்ந்த கோடு போட்டு, இது தலைப்பு, இது பத்தி, இது பெரிய எழுத்து என்று சொல்ல வேண்டும். பிறகு வெளியே வந்து ஓர் உத்தரவு போட்டால் அது தமிழாக மாறுமாம், இரண்டாவது உத்தரவு போட்டால் பக்கமாகக் கட்டுமாம், மூன்றாவதற்கு அச்சடிக்குமாம். மூன்று உத்தரவும் போட்டு முடிக்கும்வரை நம் கடிதம் எப்படி இருக்கிறது என்று நமக்கே தெரியாது. கல்யாணத்துக்கு முன் உன்னை நான் பார்க்காத மாதிரி என்று வைத்துக்கொள்.

முதல் கடிதத்துக்கு நாற்பத்தேழு குற்றம் சொன்னது. 'பெட்டி நிரம்பி வழிகிறது' என்றது. 'பெட்டி சரியாக நிரம்பவில்லை' என்றது. பேக்கிங் லிஸ்ட் அடித்தே வயதானவனுக்கு எப்படி இருக்கும்? எந்தப் பெட்டி, எந்த நம்பர் பெட்டி என்று நான் பதறிவிட்டேன். வரி நீளமானால் அப்படிச் சொல்லுமாம், குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அடுத்து 'டாலர் காணவில்லை, நானே செருகிவிட்டேன்' என்றது. அதுவும் ஏற்றுமதி டாலரில் ஓடும் திருப்பூரின் காற்றுப் பட்ட இயந்திரம்தானே என்று விட்டுவிட்டேன். இப்படி மூன்று நாள் போயிற்று. நாலாம் நாள் ஒருவழியாகத் திருத்தி முடிக்கும் சமயம் கரண்ட் போய்விட்டது. பக்கத்து நிட்டிங் யூனிட்டின் சத்தம் நின்றது, ஃபேன் நின்றது, திரை அணைந்தது, எழுதினது அத்தனையும் போயிற்று. நிட்டிங் சத்தம் இல்லாவிட்டால் நம் வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. நீ இருக்கும்போது கரண்ட் போனால் "போச்சா?" என்று சமையலறையிலிருந்து கேட்பாய். அன்று யாரும் கேட்கவில்லை என்பதால், "போயிருச்சு" என்று நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் மறுபடி எழுதி, உத்தரவும் போட்டேன். கடிதம் முடிந்தது என்று கடைசியில் ஒரு வரி எழுத வேண்டும், அதை மறந்துவிட்டேன். இயந்திரம் திட்டவில்லை. ஒரு நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு, மேலே என்ன என்று கேட்கிற மாதிரி நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. குளித்துவிட்டு வந்தேன், நின்றது. சோறு வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தேன், அப்போதும் நின்றது. நான் சாப்பிட்டுவிட்டு வரும்வரை இந்த வீட்டில் எனக்காக ஒன்று காத்திருந்து ஐந்து மாதம் ஆகிறது. அதனால் அதை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், 'உத்தரவு கொடு, இல்லாவிட்டால் எண்ட் என்று சொல்' என்று சின்னதாக எழுதியிருக்கிறது. சொல் என்றால் சொல்லத்தானே வேண்டும்? "எண்ட்" என்றேன். அசையவில்லை. கொஞ்சம் பலமாக, "எண்ட்! எண்ட்!" என்றேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அமானுல்லா, அவருடைய லேபிள் பிரஸ்ஸிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்னுங்கண்ணா, யாருகூடச் சண்டை?"

"கம்ப்யூட்டர்கூடங்க. எண்ட்னு சொல்லச் சொல்லுது, சொன்னாக் கேக்க மாட்டேங்குது."

அமானுல்லா என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க சாப்பிட்டீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து கறிக்குழம்பு வந்தது. மறுநாளும் வந்தது. சொல்வது என்றால் கட்டையில் தட்டுவது என்று எனக்கு அதற்கடுத்த நாள்தான் விளங்கியது.

அச்சுக்கு வந்த கதை இன்னும் மோசம். இங்கிலீஷ் டைப்பில் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக அடித்தே என் கை பழகிவிட்டது. இங்கே பெரிய எழுத்துக்குத் தமிழில் வேறு எழுத்தாம். நீ 'றங்காத்தாள்' ஆகிவிட்டாய். நான் எழுதின 'நான்' எல்லாம் 'ணான்' என்று வந்தது. சரி, எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக மாற்றினேன். உடனே அமானுல்லா சம்சாரம் அனுப்பின கறிக்குழம்பைப் பற்றி எழுதின வரி, 'முனவர் பேகம் கரி கொடுத்தனுப்பினார், ருசித்துச் சாப்பிட்டேன்' என்று வந்தது. அதை நீ படித்திருந்தால் என் கதி என்ன? இடையில் எங்கே பெரிய எழுத்து, எங்கே சின்ன எழுத்து என்று நானே குழம்பி, நாலாவது கடிதத்தை அச்சுக்கு அனுப்பினேன். பாதியில் காகிதம் சிக்கிக்கொண்டது. அச்சு வேலை தெரிந்தவராயிற்றே என்று அமானுல்லாவைக் கூப்பிட்டேன். அவர் மெதுவாக இழுத்து எடுத்தார், நல்லபடியாக வந்தது. ஆனால் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவர் சம்சாரம் முனவர் பேகம் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணா, கேக்கறேனேன்னு தப்பா நெனைக்காதீங்க. முப்பத்தாறு வருசம் குடித்தனம் பண்ணியிருக்கறீங்க. அண்ணி பெத்த மகளுக்குப் பார்க்கத்தானே போயிருக்குது? அதுக்குள்ள இப்படி எழுதறது நல்லாவா இருக்குதுங்க?"

"என்னம்மா எழுதினேன்?"

"எனக்கு இங்க மணம் சரியில்லைன்னு எழுதியிருக்கறீங்களாமே. எங்க ஊட்டுக்காரர் ராத்திரி சாப்பிடக்கூட இல்லீங்க."

காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் இருந்தது. "அய்யோ, அது மனம்ங்கம்மா, ரெண்டு சுழி. பெரிய எழுத்து விழுந்ததுல மூணு சுழியாயிப் போச்சு. மணமெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

முனவர் பேகம் விடவில்லை. "மூணு சுழியோ ரெண்டு சுழியோ, ரெண்டுல ஏதோ ஒண்ணு சரியில்லைதானுங்கண்ணா?" என்றார்.

நான் அச்சு இயந்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அண்ணியை வரச் சொல்லி எழுதுங்க."

"முத்தாத்தா இன்னொரு ஆறு மாசம் இருக்கச் சொல்றாளுங்க. அவளும் வேலைக்குப் போகோணும், கொழந்தை சின்னது. உங்க அண்ணி அங்க வேணுங்கம்மா."

"நான் அதைக் கேக்கலீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு முனவர் பேகம் போய்விட்டார். அன்றைக்குக் குழம்பு வரவில்லை. ரசம்தான் வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாய், "அக்டோபர் டிக்கெட்டை ஏப்ரலுக்கு மாத்தலாம்னு இவங்க சொல்றாங்க, நீங்க சொல்றதுதானுங்க" என்று. நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்துவிட்டேன். நீ ஏப்ரல் வரைக்கும் இரு. பேத்தி முகம் பார்த்துச் சிரிக்கிற வயது, அதை விட்டுவிட்டு வர வேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. சோறு குழையாமல் வடிக்கப் பழகிவிட்டேன். ரசம் உன் ரசத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நேரத்துக்குத் தூங்குகிறேன். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் 'பீப்' என்று ஒரு சத்தம் கொடுக்கும், வீட்டில் ஆள் இருக்கிற மாதிரிதான். பகல் முழுக்க அது என்னைக் கேள்வி கேட்கிறது, நான் பதில் சொல்கிறேன், பொழுது போவதே தெரியவில்லை. ஆகவே என்னை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

இது ஆறாவது கடிதம். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்துவிட்டேன், பிழை இல்லை. எழுத்தைப் பெரிதாகப் போடும்படி உத்தரவு கொடுத்திருக்கிறேன், அதனால்தான் இத்தனை பக்கம். மாப்பிள்ளையிடம் கொடுக்காதே. ஒரு நாளைக்கு ஒரு பத்தி என்று நீயே கூட்டிப் படி. அப்படிப் படித்தால் இரண்டு வாரத்துக்கு நான் உன்கூடப் பேசிக்கொண்டிருந்த மாதிரி இருக்கும்.

பேத்திக்கு நீண்ட ஆயுசும் நிறைந்த புத்தியும் உண்டாகட்டும். முத்தாத்தாளைத் தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு நிற்க வேண்டாம் என்று சொல். மாப்பிள்ளைக்கு என் அன்பு. குளிருக்கு நீ காலில் உறை போட்டுக்கொள், வெட்கப்படாதே, அங்கே யாரும் நம் ஊர்க்காரர் இல்லை.

இப்படிக்கு,
எல்லா வகையிலும் சௌக்கியமாக உள்ள
மணியன்.

பி.கு.: இது தபாலாபீஸில் நின்றுகொண்டு பேனாவால் எழுதுவது. என் கையெழுத்து உனக்குப் புரியாது, ஆகவே மாப்பிள்ளையிடமே கொடு. மாப்பிள்ளை அவர்களுக்கு, இதைத் தங்கள் மாமியாரிடம் சத்தமாகவே படித்துக் காட்டவும், முத்தாத்தாளும் கேட்கலாம். நடந்தது இதுதான். கவுண்டரில் இருந்தவர் கவரை நிறுத்துப் பார்த்துவிட்டு, "அமெரிக்காவுங்களா? யாரு இருக்கறாங்க?" என்றார். "ஊட்டுக்காரிங்க" என்றேன். "அம்மா எப்பங்க வர்றாங்க?" என்று கேட்டார். ஏப்ரல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அடுத்த மாசம் வந்துருவாளுங்க" என்று வந்துவிட்டது. கவரை ஒட்டுவதற்கு முன் திருப்பி வாங்கிக்கொண்டேன். அவர் நல்ல மனுஷன், சந்தோஷம் என்று வேறு சொல்லிவிட்டார். அவரிடம் இந்த வயதில் நான் பொய் சொன்னவனாக வேண்டாம். ரங்காத்தா, அந்த அக்டோபர் டிக்கெட்டிலேயே வந்துவிடு.