கோட்டையை மாடியிலேயே பார்த்தாயிற்று

அன்பும் பொறுமையும் ஒருங்கே அமையப்பெற்ற தம்பிக்கு,

அவ்விரண்டில் பின்னதை மொத்தமாகத் தொலைத்துவிட்ட உன் அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அத்தான் ஸ்பீக்கரில் போடச் சொல்லி நடுவில் திருத்தம் சொல்லுவார்.

பழைய ராஜாக்கள் வாழ்ந்த ஊருக்கு மாற்றலாகிப் போனவன், நீ பாட்டுக்கு உன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். "அக்கா, எல்லாரும் ஒரு நாலு நாள் ஜாலியா வந்துட்டுப் போங்க, கோட்டை எங்க வீட்டு ஜன்னல்லயே தெரியுது" என்று ஒரு கடிதம் போட்டாயே, அதில் ஆரம்பித்தது வினை. கல்யாணமான இரண்டாவது வாரம் உன் அத்தான் என்னிடம், "அடுத்த வருஷம் உன்னை அந்தக் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன் பாரு" என்றார். அன்றிலிருந்து முப்பத்தொரு அடுத்த வருஷம் போய்விட்டது. உன் கடிதத்தைப் படித்ததும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அழுதேவிட்டேன், சிரிக்காதே. கடை வாசலில் "அடுத்த மாசம் ஒரு வாரம் விடுமுறை" என்று அட்டை மாட்டினேன், கடிக்காத செருப்பாகப் பார்த்து ஒன்று வாங்கினேன், பைத்தியக்காரி மாதிரி அதை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்த்தேன்.

உன் அத்தான் நில அளவை இலாகாவில் சர்வேயராக முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அளக்க நிலம் கிடைக்காமல் மனுஷன் தவித்துக்கொண்டிருந்தது உனக்கும் தெரியும். "போறதுன்னா சும்மா போயிட முடியாது, பிளான் வேணும்" என்றார். எங்கிருந்தோ அந்தக் கோட்டையின் வரைபடத்தை வரவழைத்தார். எந்த வாசல் எத்தனை மணிக்கு, எந்தக் கூடத்தில் எத்தனை நிமிஷம் என்று சுவர் முழுக்கத் தாள் ஒட்டினார். "அது சரி, கொஞ்சம் நின்னு வேடிக்கை பார்க்க வேண்டாமா?" என்று கேட்டேன். "அதுக்குன்னு தனியா பதினோரு நிமிஷம் ஒதுக்கியிருக்கேனே, பார்க்கலையா?" என்றார். என்ன தாராள மனசு பார் அவருக்கு.

அதோடு விட்டாரா? மொட்டை மாடியில் சாக்பீஸால் கோட்டையையே வரைந்துவிட்டார். மதில், அகழி, தர்பார், குதிரை லாயம், எல்லாம் கணக்காக, அங்கே முப்பது அடி என்றால் இங்கே ஓர் அடி. மறுநாள் மழை வந்து ராஜ்ஜியத்தை அழித்துவிட்டது. கடவுள் கண் திறந்தார் என்று நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள், கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளைப் பெயிண்டைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். இப்போது அழிக்கவே முடியாது. என் துணி காயப்போடும் கொடி தர்பாருக்கு நேர் மேலே போகிறது. ஈரத்துணி வாளியோடு நான் குறுக்கே நடந்தால், "ஏய், மதில் சுவத்துக்குள்ள நடந்து வர்றியே, கண்ணு தெரியலையா? வாசல் வழியா சுத்தி வா!" என்று கத்துகிறார். என் வீட்டு மாடியில் நான் தலைவாசல் வழியாகப் போய், அகழிப் பாலம் தாண்டி, ராஜா முன்னிலையில் போர்வை காயப்போடுகிறேன் தம்பி. எந்த மகாராணிக்கும் இந்த பாக்கியம் கிடைத்திருக்காது.

பயணத்துக்கு வருகிறேன் என்று என் நாத்தனாரும் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார், அவர் தலையெழுத்து. கோட்டைக் காவல் கோபுரத்துக்கு இருநூற்றுப் பதினாறு படியாம். நம் வீட்டு மாடிக்குப் பதினெட்டு. "பன்னிரண்டு தடவை ஏறி இறங்கினா சரியாப் போச்சு, அக்கா" என்று கூடப்பிறந்தவளையே ஏற்றி இறக்கினார். எட்டாவது தடவை முழங்கால் பிடித்துக்கொண்டு, "டேய், நான் ராஜாவைப் பார்க்கவே வேண்டாம்டா, என்னை விட்டுரு" என்று தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் கூட்டிப்போனால் அவர், "எங்கே விழுந்தீங்கம்மா?" என்று கேட்டார். "கோட்டையில." "எந்தக் கோட்டை?" "எங்க தம்பி வீட்டு மாடியில இருக்கே, அந்தக் கோட்டை." டாக்டர் முழங்காலை விட்டுவிட்டு டார்ச் அடித்துக் கண்ணைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். என் வயிற்றெரிச்சல் இனிமேல்தான். மகன் அச்சகத்தில், மருமகள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். கெஞ்சிக் கூத்தாடி வாங்கினார்கள். லீவுக்கு முந்தைய வாரம், "ரயில் டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டேன். "அதுக்கு என்ன அவசரம்? முதல்ல முழு ஒத்திகை பார்க்கணும். எல்லாருக்கும் லீவு இருக்கிற நாள்லதானே எல்லாரும் சேர்ந்து ஒத்திகை பார்க்க முடியும்?" என்றார். ஏதோ ஒரு மணி நேரக் கூத்து என்று நினைத்துவிட்டேன். தம்பி, அந்த நாலு நாள் லீவு முழுக்க ஒத்திகை! முதல் நாள் டிக்கெட் வரிசைக்காக என்று நாற்பது நிமிஷம் வெயிலில் நிற்க வைத்தார், எங்களுக்கு முன்னால் யாருமே இல்லை. மகன் நிழலுக்கு ஒதுங்கினால், "வரிசையை விட்டுட்டுப் போனா திரும்பக் கடைசியிலதான் நிக்கணும்" என்றார். இரண்டாம் நாள் தர்பார். மூன்றாம் நாள் லாயம், இல்லாத குதிரைக்கு எதிரே கால் மணி நேரம். நாலாம் நாள் தலைவாசலில், அதாவது கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், எல்லோரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார். மருமகள் என் காதில், "அத்தை, நான் ஆஸ்பத்திரிக்கே போயிருப்பேன், அங்க நோயாளிங்க உட்காரவாவது பெஞ்சு இருக்கு" என்றாள். இருவருக்கும் இனி இந்த வருஷம் லீவு கிடையாது என்று மேலதிகாரிகள் கையை விரித்துவிட்டார்கள். உன் அத்தானுக்கு அதில் துளி வருத்தம் இல்லை. சுவரில் ஒட்டிய தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்து மடித்துக்கொண்டே, "அதான் எல்லாத்தையும் பார்த்தாச்சே, இனிமே அங்க போய் என்ன ஆகப்போகுது?" என்றார்.

நான் போய்ப் புதுச் செருப்பைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். கடையைத் திறந்தால் வருகிறவர்கள் எல்லாம், "ஊரெல்லாம் எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்கிறார்கள். "நல்லாக் காத்தோட்டமா இருந்துச்சு" என்கிறேன்.

ஆகவே தம்பி, நாங்கள் வரவில்லை. எங்களுக்கென்று எடுத்து வைத்த பாய் தலையணையை உள்ளே வை. எனக்கு இனி ஊர் பார்க்கிற ஆசை கிடையாது. இந்த வயதுக்கு மேல் என்ன கோட்டை, என்ன கொத்தளம்! நாலு சட்டை தைத்தோமா, பேசாமல் படுத்தோமா என்று இருந்துவிடுகிறேன். மறந்தும் இனிமேல் அழைப்புக் கடிதம் எழுதிவிடாதே. நீயும் உன் மனைவியும் நோய் நொடி இல்லாமல், முக்கியமாக மொட்டை மாடி இல்லாமல், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் பார்த்து முடித்த உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியதில் எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. தபால் நிலையத்துக்குப் போகிற வழியில்தான் ரயில் நிலையம், அது என் தப்பா? ஒரே ஒரு டிக்கெட் எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே வந்து சேருகிற வண்டி. உன் அத்தானிடம் சொன்னேன். திகைத்துப்போய், "தனியா போய் என்ன பண்ணுவே? உனக்கு வழி தெரியாதே!" என்றார். எனக்கும் அதுதான் வேண்டும். ஸ்டேஷனுக்கு வந்து என் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, என்னைக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டு நீ வேலைக்குப் போ. சாயங்காலம் வரைக்கும் என்னைத் தேடாதே.