பாரை மூடுவதற்கு மாமாவுக்குச் சில ஆதாரங்கள்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்த வணக்கத்துடன் பெரிய மாமாவுக்கு,

இங்கே அம்மாவின் கணுக்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கே அத்தையும் உங்கள் தொண்டையும் நலமாக இருக்க வேண்டும். தொண்டையைத் தனியாக விசாரிக்கச் சொன்னது அம்மாதான். வரும் ஞாயிற்றுக்கிழமை அது எங்கள் தெருவுக்கு மிகவும் தேவைப்படுகிறது.

விஷயம் இதுதான். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் காக்டெய்ல் பாரின் உரிமத்தைப் புதுப்பிக்கலாமா கூடாதா என்று குடியிருப்பவர்களிடம் கேட்க அதிகாரி அன்றைக்கு வருகிறார். கூடாது என்று சொல்வதற்காக அம்மா ஒரு குழு அமைத்திருக்கிறாள். மதுவுக்கு எதிராக நீங்கள் மேடையேறினால் கூட்டத்தில் தண்ணீர் குடிக்கக்கூட ஆட்கள் தயங்குவார்களாம். "உன் மாமா வந்து சும்மா பேசக் கூடாது. அந்தக் கடையால தெரு எப்படிக் கெட்டுப்போச்சுன்னு ஆதாரத்தோட எழுதி அனுப்பு. கட்டுரைப் போட்டியில பரிசு வாங்கறவ நீதானே" என்று பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தாள். நானும் கொஞ்ச நாட்களாக உண்மைகளைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன். அவைதான் சரியாக ஒத்துழைக்க மாட்டேன் என்கின்றன.

முதலில் கடைக்காரர். பானங்களை மூடி போட்ட உலோகக் குவளையில் ஊற்றி, காதுக்குப் பக்கத்தில் தூக்கி வைத்துக் குலுக்குவதால் அவரைத் தெருவில் எல்லோரும் குலுக்கல் அண்ணன் என்பார்கள். ஆதாரம் நேரடியாக இருக்கட்டும் என்று அவரையே பேட்டி கண்டேன். "உங்கள் கடையால் சமுதாயத்துக்கு விளையும் தீமைகள் யாவை?" என்று கேட்டேன். எலுமிச்சம்பழத் தோலைச் சீவிக்கொண்டே நெடுநேரம் உண்மையாக யோசித்தார். "சத்தம் இருக்கும்மா. வெள்ளிக்கிழமையானா உங்க அப்பா பாடறாரு" என்றார். இதைச் சேர்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள். அப்பா அங்கே போவது குழுவின் வேலையாகத்தான், மாமா. கடையில் நடக்கும் அக்கிரமங்களை உள்ளேயிருந்தே கண்காணிக்க முறை வைத்து ஆள் போடலாம் என்று குழு முடிவு செய்தபோது கட்டடத்தின் ஆண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் கேட்டபோது இதே கைகள் எங்கே இருந்தன என்று தெரியவில்லை. அப்பா தன் முறை இல்லாத நாட்களிலும் போகிறார், முறைக்காரர் ஒழுங்காகக் கண்காணிக்கிறாரா என்று கண்காணிக்க.

அடுத்தது வெளிச்சம். கடைப் பலகையின் பச்சை விளக்கு பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறது என்று குழு புகார் செய்தது. நான் அந்த வெளிச்சத்தில்தான் பாடப்புத்தகத்துக்குள் கதைப்புத்தகம் வைத்துப் படிப்பேன் என்பதால் அதை முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது. அண்ணன் மறுபேச்சில்லாமல் விளக்கை அணைத்துவிட்டார். எங்கள் தெருவிளக்கு எரிந்து மாதக்கணக்காகிறது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரியவந்தது. முதலில் தெரிந்துகொண்டது அம்மா, வெற்றிச் செய்தியைத் தையற்காரரிடம் சொல்லிவிட்டுத் திரும்பும் வழியில், நடைபாதைப் பள்ளத்தில் கால் வைத்து. அண்ணன்தான் ஒரு வாளி ஐஸோடு ஓடிவந்தார். "காலை உள்ள வைங்கக்கா. மருந்துக்கடையில கேட்டாலும் ஐஸுக்கு என்கிட்டதான் அனுப்புவாங்க" என்றார். அம்மா அந்த வலியிலும் கொள்கையை விடவில்லை. "ஐஸ் மட்டும் போதும். அதுல எலுமிச்சை, புதினா எதையும் போட்டுடாதீங்க" என்றாள். மறுநாளிலிருந்து விளக்கு மறுபடியும் எரிகிறது. யார் எரியச் சொன்னது என்று குழுவில் யாரும் கேட்கவில்லை.

இனிமேல்தான் முக்கியமான ஆதாரம், சாவி. எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் மனிதர் அண்ணன் ஒருவர்தான் என்பதால் கட்டடத்தில் எல்லா வீட்டு மாற்றுச்சாவியும் அவருடைய புட்டிகளுக்குப் பின்னால் கொக்கிகளில் தொங்கும். நான் பள்ளி விட்டதும் அங்கே போய்ச் சாவியைக் கேட்பேன், ஆனால் வாங்க மாட்டேன். கடை திறக்க நேரம் இருக்கும், ஆள் இருக்காது, மூலை மேசையில் உட்கார்ந்து அம்மா வேலையிலிருந்து வரும்வரை படிப்பேன். நூலகத்தில்கூட அவ்வளவு அமைதி கிடையாது. அங்கே நூலகர் போனில் தன் நாத்தனாரோடு சண்டை போடுவார். வீட்டிலோ அம்மா வந்ததும் குழுவும் வந்துவிடும். கடையை மூடிவிட்டால் அந்த மேசையும் போய்விடும். இதை உங்கள் பேச்சுக்காக எழுதவில்லை, மாமா. சும்மா தெரிந்துகொள்வதற்காக.

குழுத் தலைவி எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர். "எதிரி கையில சாவியைக் கொடுத்துட்டு எதிரியை எதிர்க்கிறோமா? நாலு பேர் கேட்டா சிரிக்க மாட்டாங்க?" என்று கோபப்பட்டு, எல்லாச் சாவிகளையும் திரும்ப வாங்கித் தன் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். அன்று மாலை குழுக்கூட்டமும் அவர் வீட்டில்தான். எல்லோரும் கைப்பைகளை உள்ளே வைத்து, செருப்பையும் உள்ளே விட்டு, கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு, ஜன்னலில் கட்டியிருந்த 'பார் வேண்டாம்' பதாகை கீழேயிருந்து படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று பார்க்கத் தெருவுக்கு இறங்கினோம். நன்றாகப் படிக்க முடிந்தது. காற்றும் நன்றாக அடித்தது. மேலே தானாகப் பூட்டிக்கொள்ளும் அந்தக் கதவு சாத்திக்கொண்ட சத்தம் தெருவரை கேட்டது. அவரவர் சாவி கைப்பையில், மாற்றுச்சாவி டப்பாவில், டப்பா டீச்சர் வீட்டில். அம்மா நொண்டிக்கொண்டும் மற்றவர்கள் வெறுங்காலோடும் பதாகைக்குக் கீழே நின்றோம். தூறல் வேறு ஆரம்பித்தது.

குலுக்கல் அண்ணன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்னக்கா, ஊர்வலமா?"

"இல்ல, கூட்டம்" என்றார் டீச்சர், நிமிர்ந்து நின்று.

"அப்ப உள்ள உக்காந்து நடத்துங்க டீச்சர். நாற்காலி இருக்கு."

டீச்சர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் காலைப் பார்த்தாள். உள்ளே போனோம். அங்கே அப்பா முறைப்படி கண்காணித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கோப்பையை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு இன்னும் தீவிரமாகக் கண்காணித்தார். எல்லோருக்கும் அண்ணன் இஞ்சியும் எலுமிச்சையும் போட்ட வெறும் சர்பத்தைக் குலுக்கிக் கொடுத்தார். அமைதி கேட்டுத் தட்ட டீச்சருக்குக் குவளை மூடியையும், தீர்மானம் எழுத அம்மாவுக்குப் பேனாவையும் அவரே கொடுத்தார். 'இத்தகைய கடை இத்தெருவுக்கு எவ்விதத்திலும் தேவையில்லை' என்ற தீர்மானத்துக்கு நாங்கள் எல்லோரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன், பாதி உயரத்துக்கு. பக்கத்து மேசைக்காரர்களும் மரியாதைக்காகத் தூக்கினார்கள். அவர்களில் ஒருவர் பூட்டு ரிப்பேர்க்காரர். கோப்பையை முடித்துவிட்டு மேலே வந்து டீச்சர் வீட்டைத் திறந்துகொடுத்தார். "சர்பத்து நல்லாத்தான் இருந்துது" என்றார் டீச்சர் படியேறும்போது, யாரிடமும் இல்லாமல். மறுநாள் மாற்றுச்சாவிகள் யாரும் சொல்லாமலே பழைய கொக்கிகளுக்குத் திரும்பிவிட்டன.

ஆகவே மாமா, நீங்கள் மிகக் கடுமையாகப் பேச வேண்டும். இவற்றிலிருந்து கடுமையை எப்படி எடுப்பது என்பதை உங்கள் அனுபவத்துக்கே விட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பாரில்தான். அதிகாரியும் நாங்களும் உட்கார அத்தனை நாற்காலி தெருவில் வேறெங்கும் இல்லை. அத்தைக்கு என் வணக்கம். என் பரீட்சைக்கும் அம்மாவின் காலுக்கும் சேர்த்து உங்கள் ஆசியை அனுப்பிவையுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் குலுக்கல் அண்ணன் மேலே வந்தார். "இத்தனை பேரும் ஒரே மனசா கை தூக்கினப்புறம் நான் இங்க இருந்தா நல்லா இருக்காதுக்கா. அடுத்த தெருவுல இடம் பாத்துட்டேன். இங்க டிரம்ஸ் கத்துக்கொடுக்கிற பள்ளிக்கூடம் வருதாம், காலையிலேருந்து ராத்திரி வரைக்கும்" என்றார். அம்மா, "நம்மளை ஒரு வார்த்தை கேக்காம இவரு எப்படிப் போகலாம்?" என்று ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. டீச்சர் பதாகையில் காகிதம் ஒட்டித் திருத்திக்கொண்டிருக்கிறார். அப்பா அழுத மாதிரி இருந்தது. "உன் மாமா அதே குரல்ல, அதே கோபத்தோட பேசட்டும். கடையை எடுக்கக் கூடாதுன்னு மட்டும் மாத்திக்கச் சொல்லு" என்கிறாள் அம்மா. நீங்கள் வரும்போது வீடு பூட்டியிருந்தால் சாவி வழக்கமான இடத்தில் இருக்கும். அது வழக்கமான இடமாகவே இருக்கும்படி நீங்கள் பேச வேண்டும், மாமா. ஆதாரங்கள் மேலே இருக்கின்றன. ஒன்றையும் மாற்றத் தேவையில்லை. நான் மூலை மேசையில் இருப்பேன்.