மெத்தைக் கடை அறிக்கையின் பதினான்காம் பக்கம்

மதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரர் மிகுந்த மனவருத்தத்தோடு எழுதிக்கொண்டது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன். இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்பதுதான் முறை. ஆனால் கேட்டால் நீங்கள் விவரமாகப் பதில் எழுதிவிடுவீர்கள், எனக்கோ இப்போது பொறுமை இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்காமல் பேசுவதுதான் என் வழக்கம். கடைக்கு வருகிறவர்களுக்கும் என்னிடம் பிடித்தது அதுதான் என்று நேற்று வரை நினைத்திருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நீங்கள் எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “வியாபாரக் குடும்பத்துப் பொண்ணு, பேசாம மார்க்கெட்டிங் படிக்க வையுங்க” என்று சொன்னீர்கள். அந்த வார்த்தையே தெரியாமல் இருபத்தாறு வருடமாக மெத்தை விற்கிறவன் நான். இருந்தாலும் உங்கள் பேச்சைத் தட்டாமல் மகளைச் சேர்த்துவிட்டேன். கடைசி வருடத்தில் நான்கு மாதம் எங்காவது வேலைப் பயிற்சி பெற்று, அறிக்கை எழுதி, பயிற்சி கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கித் தர வேண்டுமாம். இரண்டு கம்பெனிகள் பதிலே போடவில்லை. ஒரு கம்பெனி இவளை வரச் சொல்லிவிட்டு, இவள் போவதற்குள் மூடிவிட்டது. அப்போதும் நீங்கள்தான் போன் போட்டீர்கள். “சொந்தக் கடை இருக்கும்போது எதுக்கு ஊரெல்லாம் அலையணும்? உங்ககிட்டயே செய்யட்டுமே!” பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. படிவத்தில் ‘மேற்பார்வையாளர்’ என்ற இடத்தில் என் பெயர். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி மச்சான்! அன்றைக்கே ரப்பர் ஸ்டாம்ப் செய்து, சரியாக விழுகிறதா என்று கரண்ட் பில்லில் குத்திப் பார்த்தேன்.

வந்த நாளிலிருந்து அவள் ஒரு மெத்தையைக்கூடத் தொடவில்லை. தலையணை அலமாரி ஓரத்தில் நோட்டோடு நின்று ஏதோ கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். சரக்கு எண்ணுகிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் பார்த்தால் கடையில் ஒரே கூட்டம். எல்லாம் சின்ன வயசு. ஒரு பையன், மாமாவுக்கு முதுகுவலி, மெத்தை வேண்டும் என்றான். என் பேச்சுதான் உங்களுக்குத் தெரியுமே. முதுகெலும்பில் தொடங்கி, ஃபோம் எப்படித் தயாராகிறது என்பதைத் தொட்டு, என் சொந்த முதுகுவலிக்கு வந்து சேர ஐம்பது நிமிடம் ஆயிற்று. அவன் நன்றி சொல்லிவிட்டு வெளியே போனான். தெருமுனையில் என் மகள் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்! வந்தவர்கள் பாதிப் பேர் அவள் வகுப்புப் பிள்ளைகள். வாங்க வருகிறவர்கள் மாதிரி வந்து கடையைச் சோதிப்பது அவர்களுக்கு ஒரு பாடமாம்.

அதற்குப் பிறகு யாரைத்தான் நம்புவது? போன செவ்வாய்க்கிழமை கசங்கிய சட்டையோடு ஒருவர் வந்தார். புதிதாகத் தங்கும் விடுதி கட்டியிருக்கிறாராம், இருபத்திரண்டு மெத்தை வேண்டுமாம். நான் அவர் தோளில் தட்டி, “தம்பி, நல்லாத்தான் நடிக்கிறீங்க. எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம். மீசை ஒட்டினதுதானே?” என்றேன். அவர் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெளியேறினார்.

“அப்பா! அம்பது வயசு ஆளு எந்த காலேஜ்லப்பா படிக்கிறாரு?” என்று கத்திக்கொண்டே மகள் கடையின் முகவரி அட்டையோடு அவர் பின்னால் ஓடினாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். நேற்று அறிக்கையைக் கொண்டுவந்து வைத்தாள். பதினான்காம் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்: ‘எதுவும் வாங்காமல் சென்ற நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தொரு பேர், உரிமையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே சென்றுவிட்டனர். ஒருவர் மெத்தையில் உறங்கிவிட்டார். அது மெத்தையின் தரத்தாலா, உரையின் நீளத்தாலா என்பதை உறுதிசெய்ய இயலவில்லை. பரிந்துரை: முதல் ஐந்து நிமிடம் உரிமையாளர் மௌனமாக இருக்க வேண்டும்.’

மச்சான், வலித்தது. மெத்தை எல்லாக் கடையிலும்தான் இருக்கிறது. என் கடையில் கூடுதலாக இருப்பது நான் ஒருத்தன்தானே?

“அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடும்மா” என்றேன்.

“எடுத்தா மிச்சம் இருக்கிறது தலையணை உறை பத்தின ஒரு பக்கம்தாம்பா.”

“அப்படின்னா கையெழுத்து கிடையாது.”

அவள் அழுதிருந்தால் போட்டிருப்பேன். “சரிப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து இல்லையென்றால் அவளுக்கு இந்த வருடமே வீண். கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்க, இவள் மறுபடியும் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் தங்கையாவது எனக்காகப் பேசுவாள் என்று அறிக்கையைக் காட்டினேன். படித்துவிட்டு, “முப்பத்தொரு பேருதானா?” என்று கேட்டாள்.

அதனால் நீங்கள் வியாழக்கிழமை கட்டாயம் வர வேண்டும். என் பேச்சை முழுசாகக் கேட்டு மெத்தை வாங்கியவர் எங்கள் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். நீங்களே சாட்சி. ‘மௌனமாக’ என்பதை ‘மிதமாக’ என்றாவது மாற்றச் சொல்லுங்கள், உடனே ஸ்டாம்பைக் குத்திவிடுகிறேன். யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் கடையின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மெத்தைக் கட்டின் மேல் உட்கார்ந்து காலை பத்து மணியிலிருந்து இதை எழுதுகிறேன். மகள் மூன்று தடவை எட்டிப் பார்த்து, “முடிஞ்சுதாப்பா? அவசரமில்ல, நிதானமா எழுதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். என்ன இருந்தாலும் பாசமான பெண்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். மூட்டுவலிக்கு நம் கடை மெத்தைதான் மருந்து, மாற்றிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
மேற்பார்வையாளர் (ஸ்டாம்ப் வைக்கப்பட்டுள்ளது)

பி.கு.: ஒட்டிய உறையை மறுபடி பிரித்து எழுதுகிறேன். தபாலில் போட எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். வாசலில் லாரி நிற்கிறது. கடையில் பாதி காலி. நான் உள்ளே எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மீசைக்காரர் திரும்பி வந்தாராம். இவள், “படுத்துப் பாருங்க” என்று இரண்டே வார்த்தை சொன்னாளாம். ஐந்து நிமிடம் கண்ணை மூடிப் படுத்திருந்துவிட்டு எழுந்து, இருபத்திரண்டையும் ஏற்றச் சொல்லிவிட்டாராம். நீங்கள் வியாழக்கிழமை வர வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஸ்டாம்பை இரண்டு தடவை குத்தினேன். மேற்பார்வையாளர் கருத்துக்கு மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள், நான் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ‘பதினான்காம் பக்கம் சரி’ என்ற வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இப்போது பின்னறையில் எனக்கென்று ஒரு மேசை போட்டிருக்கிறாள். அதில் ஒரு கட்டு வெள்ளைத்தாள், இரண்டு பேனா, முப்பது உறைகள். முப்பதிலும் அவள் கையெழுத்தில் உங்கள் முகவரி.