முயல்குட்டி விமானமும் முதல் மடக்குத் தண்ணீரும்

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. இருந்த ஒன்றும் தனக்குப் பிறகு யாரென்று சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. கோடை வந்ததும் குட்டையில் யார் முதலில் குடிப்பது என்று அடிதடி. முதலில் போகிறவருக்குத் தெளிந்த தண்ணீர், கடைசியில் போகிறவருக்குச் சேறு. பார்த்தார்கள். கோமதிநாயகம் நரியின் டீக்கடையில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி நின்றது. அது ரிப்பேராகி வெகுகாலம் ஆகியும், அதிக பாயிண்ட் எடுத்தவர்கள் பட்டியல் மட்டும் கண்ணாடியிலேயே பதிந்துபோயிருந்தது. அதுதான் வரிசை என்று முடிவானது. வேறு வேலையில்லாத காடு.

பட்டியலில் முதல் பெயர் மாசானம். அழுங்கு, எறும்புத்தின்னி என்றால் உங்களுக்கு விளங்கும். விளையாட்டின் பெயர் 'முயல்குட்டி விமானம்'. ரோஸ் கலர் முயல்குட்டி ஒன்று விமானத்தில் பறந்து கேரட்டால் சுடும். எதிரிகள் எல்லாம் கன்னம் உப்பிய மேகங்கள், அடிபட்டால் சிரித்துக்கொண்டே சாகும். பார்க்க அவ்வளவு அழகு, ஆடினால் உயிரை வாங்கும். அதில் எட்டு லட்சம் எடுத்தவன் மாசானம். மூன்று கோடையாக முதல் மடக்கு அவனுக்குத்தான். யானைகூட ஒதுங்கி வழிவிடும். தண்ணீரைவிட அந்த வழிவிடுதல்தான் அவனுக்கு இனித்தது.

இந்தக் கோடையில் நரி அதே விளையாட்டை உள்ளங்கை அகலப் பெட்டியில் மறுபடி இறக்கியது.

"அசல் அப்படியே இருக்கு அண்ணாச்சி. மேகத்துக்குக் கண்ணிமைகூடத் தெரியுது. ஒரு ரீவைண்ட் பட்டன் மட்டும் புதுசு. செத்துட்டா அமுக்குங்க, சாகாத இடத்துக்குத் திரும்பிரலாம்."

"அப்போ என் பேரு?"

"புதுப் பெட்டி, புதுப் பட்டியல். இனி வரிசையும் அதுபடிதான்."

மாசானம் பெட்டியை வாங்கி ஆடினான். பழைய பெட்டியில் மேகம் கூட்டமாக வந்தால் மெஷின் திணறும். திரையில் எல்லாம் ஊர்ந்து ஊர்ந்து நகரும். அந்த ஊர்தலில் புகுந்து புறப்படுவதுதான் அவன் வித்தை மொத்தமும். புதுசு திணறவே இல்லை. இரண்டாம் கட்டத்தில் செத்தான். அடுத்த தடவையும் அங்கேயேதான்.

"ரீவைண்டை அமுக்குங்கண்ணே," என்றாள் பொன்னுத்தாய் நத்தை. பழைய பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது.

"நான் யோக்கியன் தாயி."

யோக்கியமாவது, மண்ணாவது. அவன் நகம் ஒவ்வொன்றும் விரல் நீளம். மிளகு சைஸ் ரீவைண்ட் பட்டன் அதற்கு அகப்படவில்லை, அவ்வளவுதான்.

பொன்னுத்தாய் பட்டன்மேலேயே ஏறிக் குடியிருந்தாள். ஆறாயிரம் தடவை செத்து, ஆறாயிரம் தடவை பிழைத்து, 99,99,999 எடுத்தாள். அதற்குமேல் பெட்டிக்கு எண்ணத் தெரியாது. பத்தே நாளில் காடு முழுக்க அதே எண்ணை எடுத்தது. மாசானம் நாலாயிரத்து இருநூறு. கடைசி.

இந்த இடத்தில் வனதேவதை வந்து யோக்கியனுக்கு வரம் தருவாள் என்று காத்திருப்பீர்கள். வரவில்லை. அவளும் ஆறாம் கட்டத்தில் மும்முரமாக இருந்தாள்.

மறுநாள் காலை எல்லாரும் குட்டைக்குக் கிளம்பினார்கள். எல்லாரும் முதல் ஆள். குட்டைக்கு முன்னால் இரண்டு பாறைக்கு நடுவே ஒரே வழி. அதில் யானை, காட்டெருமை, பன்றி, மான் எல்லாம் ஒரே நேரத்தில் நுழைந்து சிக்கிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. பின்னால் மாசானம் நாக்கு வறண்டு நின்றான். இன்றைக்குச் சேறுகூடக் கிடைக்காது என்று அழுகை வந்தது. அப்புறம் உற்றுப் பார்த்தான். கூட்டம் திணறுகிறது. எல்லாம் ஊர்ந்து ஊர்ந்து நகருகிறது.

குனிந்தான். புகுந்தான். இடது, வலது, யானைக் காலடி, மறுபடி இடது. பழக்கதோஷத்தில் வாயால் "டுப்" என்றான். பத்து நாளாகத் தூங்காமல் ஆடிய பன்றி, சிரித்துக்கொண்டே சரிந்தது. "டுப்." காட்டெருமை புன்னகையோடு மல்லாந்தது. விழுந்தவையெல்லாம் எழுந்திருக்கவில்லை; ரீவைண்ட் பட்டனைத் தேடி மண்ணைத் தடவிக்கொண்டிருந்தன.

தெளிந்த தண்ணீரில் முதல் மடக்கு குடித்தான் மாசானம்.

"நீங்க கடைசி ஆளுல்லாண்ணே?" என்று பாறைமேலிருந்து கேட்டாள் பொன்னுத்தாய்.

மாசானம் வாயைத் துடைத்துக்கொண்டான். "பட்டனை அமுக்கிப் பாரு தாயி," என்றான்.

நீதி: திறமையை வளர்த்துக்கொண்டு அலையாதீர்கள், ஊரே திணறும் நாள்வரை சும்மா இருங்கள். நகத்தை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.