படத்துக்கு நான், சத்தத்துக்கு அக்கா

கொலோமோடுவா, டோங்கா
செவ்வாய்க்கிழமை

எங்கள் எல்லோர் தலைக்கும் மேலே இருக்கிற சிசிலியா அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகன் லிசியாத்தே தரையில் உட்கார்ந்து பணிவோடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே அனைவரும் நலம். அமெரிக்காவில் உங்கள் முழங்கால் மடங்குகிறதா?

நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, இங்கே ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. என் மகள் கலோ கல்யாணத்தில் நம் வழக்கப்படி இடுப்பில் கட்டிக்கொள்ள நீங்கள் அனுப்பிய பரம்பரைப் பாயை அவள் கட்டவில்லை, மாப்பிள்ளை வீட்டுப் பாயைத்தான் கட்டினோம் என்று யாரோ உங்களிடம் கோள் மூட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து நீங்கள் போனை எடுப்பதில்லை. "பாயைக் கண்ணால பாக்கணும், எனக்கு நன்றி சொன்னதைக் காதால கேக்கணும், டிவிடில போட்டு அனுப்பு" என்று உங்கள் பேரன் மனாசேயிடம் சொல்லி அனுப்பினீர்கள். கலோவுக்கு இது நிறைமாதம். அத்தை மனம் கோணினால் பிள்ளை வெளியே வர அடம்பிடிக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? எனக்குப் பயமாக இருக்கிறது அத்தை.

டிவிடி போடுவது பாய் முடைவதைவிடக் கஷ்டம். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் பிளேயர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நம் ஊர்க் கணக்குக்கு நொடிக்கு இருபத்தைந்து படம் போதும், உங்கள் ஊர் டிவிக்கு முப்பது வேண்டுமாம். அதை மாற்றினேன். இப்படியே போட்டால் படம் வரும், சத்தம் வராது என்றார்கள் கடையில். சத்தத்தைத் தனியே பிரித்து, வேறு வகைக்கு மாற்றி, திரும்பப் படத்தோடு சேர்க்க வேண்டுமாம், சேர்த்தேன். வந்ததா என்று யார் பார்ப்பது? கடலட்டை பிடிக்க மூழ்கி மூழ்கி என் காது போனது உங்களுக்குத் தெரியும். மனைவி லூசே வவாவு தீவில் அம்மா வீட்டில் இருக்கிறாள். வீட்டில் இருப்பது சேயினி அக்கா மட்டும். அக்காளும் தம்பியும் ஓர் அறையில் உட்கார்ந்து டிவி பார்ப்பதா? நம் குடும்பத்தில் அந்த மரியாதைக்கேடு நடக்காது. ஆகவே கூடத்தில் நான் படம் பார்த்தேன், சமையலறையில் அக்கா சத்தம் கேட்டாள்.

"அக்கா, சத்தம் வருதா?" என்று கத்தினேன்.

அவள் வாசல் பக்கம் கையை மட்டும் நீட்டி, வருகிறது என்று ஆட்டினாள். கலோ உங்கள் பாயைக் கட்டிக்கொண்டு நடந்து வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என் காதருகே வந்து, "அத்தைக்கு நன்றி சொல்ற இடம் அப்படியே நெஞ்சைப் பிடிக்குதுடா" என்றாள். படமும் அருமை, சத்தமும் அருமை. நேற்றே அங்கே கிளம்பிய மனாசேயின் மாமியார் பெட்டியில் டிவிடி விமானம் ஏறிவிட்டது. இனி உங்களுக்கு ஒரு குறையும் இராது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன்.

உங்கள் ஆசி எங்கள் கூரை மேல் என்றும் இருக்கட்டும். சபையார் அனைவருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
லிசியாத்தே

பின்குறிப்பு, புதன்கிழமை: இன்று காலை கப்பலில் வந்து இறங்கிய லூசே, டிவிடியின் நகலை உட்கார்ந்து முழுதாகப் பார்த்தாள். "ஏங்க, படத்துல பாய் வர்றப்போ சத்தத்துல பிரசங்கம் ஓடுது. 'எங்கள் மதிப்புக்குரிய சிசிலியா அம்மையார்'னு சொல்றப்போ நாலு பேரு சுட்ட பன்னியைத் தூக்கிட்டு வர்றாங்க. நீங்க ரெண்டு பேரும் எதுக்குங்க அழுதீங்க?" என்கிறாள். ஆகவே டிவிடி வந்தால் போட வேண்டாம், முக்கியமாகச் சபைப் பெண்களைக் கூப்பிட்டுப் போட வேண்டாம். கடிதத்தைப் படம் பிடித்து மனாசேயின் போனுக்கு அனுப்புகிறேன், அவன் படித்துக் காட்டுவான். கலோவுக்கு விடியற்காலையிலேயே வலி எடுத்துவிட்டது, பிள்ளை இன்னும் வரவில்லை. உங்கள் பாயைத்தான் மடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். போனை எடுங்கள் அத்தை. திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, அவள் காதில் வைக்கிறேன்.